கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் பாக்கச் சொன்ன எங்க பாப்பா

பாப்பா, ஏ பாப்பா. ஒன்னையப் பத்தித்தான் சொல்லப் போறேன், கோவிச்சுக்காத. மறைச்சுப் பேசினா ஒனக்குப் புடிக்காது. அதனால எனக்கு வெக்கமா இருக்குறதையும் சேத்தே சொல்லிர்றேன்.

எங்க தங்கச்சியத்தான் கூப்புட்டேன். பேரு வேற இருந்துச்சு, ஆனா அது பள்ளிக்கூடத்துல பேரு எழுதுற டாப்புல மட்டுந்தான். எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல, அந்த வரிச வீடுங்கள்ல, எல்லாருக்கும் அவ பாப்பாதான். போன மாசி மாசம் செத்துப் போனா. பதினாறு வயசு. பாத்தா பத்து வயசுன்னுதான் சொல்லுவாங்க, அம்புட்டுச் சின்ன ஒடம்பு. பொறக்கயிலயே அவளுக்கு ரத்தத்துல வியாதி. அம்மாகிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி, அப்பிடி வந்த வியாதி. அது இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது, கல்யாணத்துக்கு முன்னாடியே ரத்தத்தப் பாத்துரணும்னு எங்க தோட்டத்துல மொத மொத சொன்னது அவதான். அதுக்கு மொத மொத மாட்டேன்னு சொன்ன ஆளு நான்.

அவ பொறந்து ரெண்டு மூணு வருசத்துல பாணு ரொட்டிக்கும் மாவுக்கும் கஷ்டமான காலம் வந்துச்சு. லயத்துல ஒரு பிள்ளைக்கும் மொகத்துல ரத்தம் இல்ல. எல்லாம் வெளிறித்தான் திரிஞ்சுச்சுங்க. அதனால இவ வெளிறி இருக்கான்னு யாருக்கும் தனியாத் தெரியல. அம்மா கொழுந்து பறிக்கப் போகயில இவள பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவாங்க. அங்க பிள்ளைங்களப் பாத்துக்குற ஆயாதான் ஒரு நா சொன்னாங்க, "மத்த பிள்ளைங்க பசிச்சா அழுகுதுங்க. ஒம் பிள்ள அழுகக்கூட மாட்டேங்குது, அப்பிடியே சாஞ்சு படுத்துருது."

தோட்டத்து ஆஸ்பத்திரியில கண்ண இழுத்துப் பாத்துட்டு, ரத்தம் பத்தாதுன்னு பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் குடுத்தாங்க. எல்லாப் பிள்ளைக்கும் குடுக்குறதுதான். மத்த பிள்ளைங்க தேறிக்கிச்சு. இவ தேறல. தேறலன்னா இன்னுங் கொஞ்சம் குடுக்கணும்னு அம்மா நெனச்சாங்க. முருங்கக்கீரை, பீட்ரூட்டு, கெடச்சப்ப எல்லாம் ஈரல். எந்த வீட்டுல ஆடு அறுத்தாலும் ஈரல எங்க வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருவாங்க. அவ வயிறு மட்டும் பெருசாகிட்டே போச்சு. கை காலு குச்சி. லயத்துப் பிள்ளைங்க "வயித்துக்குள்ள பூசணிக்கா" ன்னு பாட்டுக் கட்டுனாங்க. அவளும் சேந்து பாடுவா. "பூசணிக்கா ஒண்ணு இல்லடா, ரெண்டு"ன்னு தட்டித் தட்டிக் காட்டுவா.

ஏழு வயசுல ஒரு நா பள்ளிக்கூடத்துல சுருண்டு விழுந்துட்டா. அட்டன்ல இருந்து கண்டிக்கு பஸ்ஸுல கொண்டு போனோம். அங்க பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சிங்கள டாக்டரம்மா. தமிழ் பேசுவாங்க, ஒடச்சு ஒடச்சு. பாப்பாவோட ரத்தத்த எடுத்து, அம்மா ரத்தம் அப்பா ரத்தம் எல்லாம் எடுத்து, பாத்துட்டுக் கூப்புட்டாங்க.

"அம்மாவும் அப்பாவும் சொந்தமா?"

"ஆமா டாக்டரம்மா, என் அத்தை மகன்தான்."

"வேற பிள்ள எறந்தது?"

அம்மா தலைய ஆட்டுனாங்க. எனக்கும் பாப்பாவுக்கும் நடுவுல ஒரு தம்பி பொறந்து பத்து மாசத்துல வெளிறிப் போயி செத்தான். அத மாந்தம்னு சொல்லி பொதச்சோம். அன்னைக்குத்தான் அது மாந்தம் இல்லன்னு தெரிஞ்சுச்சு.

டாக்டரம்மா வியாதிக்குப் பேரு சொன்னாங்க, தலசீமியான்னு. எனக்கு அது வாயில வர ரெண்டு வருசம் ஆச்சு. பாப்பாவுக்கு அன்னைக்கே வந்துருச்சு. மாசா மாசம் வேற ஆளோட ரத்தம் ஏத்தணும்னாங்க. ஏத்துற ரத்தத்துலயே இரும்பு நெறைய இருக்கு, அது வெளிய போகாது, நெஞ்சுலயும் ஈரல்லயும் போயி அடையும், அதனால மாத்திரையையும் கீரையையும் ஈரலையும் நிப்பாட்டுங்கன்னாங்க. அம்மா, அஞ்சு வருசமா தன் கையால ஊட்டுனது அம்புட்டும் விசமான்னு அப்பிடியே தரையில குந்திட்டாங்க. டாக்டரம்மா அவங்க கைய புடிச்சுக்கிட்டு, "நீங்க பிழை இல்ல. தெரியாது தானே. சோறு சாப்புடுறப்ப பால் போடாம ப்ளேன்டீ குடுங்க, நல்லா சாயம் ஏத்தி. தேயில இரும்ப ஒடம்புல ஏற விடாது"ன்னாங்க.

பாப்பாவுக்கு வந்த பெரும தாங்க முடியல. பஸ்ஸுல வரயிலயே ஆரம்பிச்சுட்டா. "அம்மா, நீ பறிக்கிறது எனக்கு மருந்தாம்." அன்னையில இருந்து சோத்துத் தட்டுப் பக்கத்துல சாயத்தண்ணி இல்லாம சாப்புடவே மாட்டா. தோட்டத்து வேலைய மேற்பார்வ பாக்குற கண்டாக்கையா ஒரு தடவ லயத்துப் பக்கம் வந்தப்ப, தூள் நல்லதாக் குடுக்கச் சொல்லி அவருகிட்டயே கேட்டுட்டா. "இது குப்பத் தூளுங்க ஐயா. நோயாளிக்கு இதக் குடுக்கலாங்களா?" அவரு மொறச்சுப் பாத்தாரு, சிரிச்சுட்டாரு. அடுத்த தடவ தனியா ஒரு பொட்டலம் வந்துச்சு.

நான் மூணாம் வகுப்போட நின்னவன். அப்ப தேயிலச் செடிய மட்டமா நறுக்குற கவ்வாத்து வெட்டப் போயிட்டு இருந்தேன். பதினெட்டு வயசு ஆனதும் ரத்தம் குடுக்க ஆரம்பிச்சேன். என் ரத்தம் நேரா அவளுக்கு ஏறாது. நாங்க குடுக்குறத ஆஸ்பத்திரியில எடுத்து வச்சுக்குவாங்க, அவளுக்குப் பொருந்துறது ஏறும். ஆனா எங்க தோட்டத்துல யாரும் அப்பிடி நெனைக்கல. கவ்வாத்துக்காரங்க ஆறு பேரு மொற வச்சு வந்தாங்க. ஒரு அண்ணே படுத்துக்கிட்டே, "என் ரத்தம் ஏறுனா இவளும் சம்பளத்தன்னைக்கு கள்ளு கேப்பா"ம்பாரு. பாப்பா சும்மா இருக்க மாட்டா. "அண்ணே, போன மாசம் ஒங்க ரத்தந்தான் ஏறுச்சு. மூணு நாளா பொண்டாட்டிய கண்டா பயமா இருக்கு"ம்பா.

அம்புட்டுப் பேரும் சிரிச்சோம். சீக்குப் புடிச்ச பிள்ளைன்னு அவளப் பாத்து யாரும் மொகத்தத் தொங்கப் போட முடியாது, விட மாட்டா.

இனிதான் என் கதை.

எங்க மாமாவுக்கு, அம்மா கூடப் பொறந்தவருக்கு, கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துல வேல. அவரு மக பொறந்தப்பவே அவ எனக்குன்னு பேசி வச்சிட்டாங்க. எங்களுக்குள்ள அதுதான் மொற. எங்கம்மா அத்தை மகனக் கட்டுனாங்க, எனக்கு மாமா மக. திருநாளுக்கு வரயில எனக்கு அவ சோறு போட மாட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு பாப்பாகிட்ட தட்டக் குடுத்து விடுவா. பாப்பா அதக் கொண்டாந்து வச்சுட்டு, "மதினி சொல்லிச்சு, நீ மூக்கு முட்டத் திங்கிறியாம், பாக்க பயமா இருக்காம்" னு சொல்லுவா. எனக்கு அவளப் புடிச்சிருந்துச்சு. வேற ஒரு பொண்ண நான் நெனச்சதும் இல்ல.

எனக்கு இருவத்தோரு வயசு நடக்கயில, தையில பரிசம் போட்டுரலாம்னு மாமா சொல்லி விட்டாரு. வீடே சந்தோசமா இருந்துச்சு. அன்னைக்கு சாப்புட்டுக்கிட்டு இருக்கயில பாப்பா கேட்டா, "அண்ணே, நீயும் மதினியும் ரத்தம் பாக்கலையா?"

"என்னாத்துக்கு?"

அவ எந்திரிச்சுப் போயி அம்மா கையில கெடந்த கண்ணாடி வளையல்ல ரெண்டு கழட்டுனா, ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு. தன்னோட வளையல்லயும் அதே மாதிரி ரெண்டு கழட்டி வச்சா. "இது அம்மா. இது அப்பா. ஆளுக்கு ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. கெட்டது ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒடம்புக்கு ஒண்ணும் தெரியாது. மல ஏறலாம், கவ்வாத்து வெட்டலாம். பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு வளையல் குடுப்பாங்க. எனக்கு ரெண்டு பேரும் கறுப்பக் குடுத்துட்டாங்க. ஒனக்கு என்னா குடுத்தாங்கன்னு தெரியாது. மதினி நம்ம வீட்டு ரத்தம். அதுகிட்டயும் கறுப்பு இருந்தா?"

டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது அது. இவ அத வளையலுக்கு மாத்தி வச்சிருந்தா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏன்னு இப்ப யோசிச்சா, பயந்துட்டேன்னுதான் தெரியுது. ஆனா அன்னைக்கு அப்பிடித் தோணல. "என் ரத்தத்துல கொறையா? மூணு வருசமா என் ரத்தத்தத்தான் ஆஸ்பத்திரியில எடுக்குறான். கெட்ட ரத்தம்னா எடுப்பானா? நீ உசுரோட இருக்குறதே எங்க ரத்தத்துலதான்" ன்னேன்.

"அது வேற, இது வேற அண்ணே. ரத்தம் நல்லாத்தான் இருக்கும். பிள்ளைக்குப் போறப்பத்தான்..."

"நிப்பாட்டு. பரிசம் போடப் போற வீட்டுல அபசகுனமாப் பேசாத."

அம்மாவும் என் பக்கம்தான். ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்கு வந்தா போதும், வந்து முடிஞ்சுருச்சு, இனி வராதுன்னு அம்மா நம்பிட்டு இருந்தாங்க. நாலுல ஒண்ணுன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க, அந்த ஒண்ணு கழிஞ்சு போச்சுன்னு கணக்கு. பாப்பா தலையில அடிச்சுக்கிட்டா. "ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா சீட்டு குலுக்குறாங்கம்மா. போன தடவ விழுந்துச்சேன்னு இந்தத் தடவ விழாம இருக்குமா? தம்பிக்கும் விழுந்துச்சு, எனக்கும் விழுந்துச்சே."

அந்த வாரம் அவளுக்கு ரத்தம் ஏத்துற நாளு வந்துச்சு. நான் குடுக்க வேண்டிய மொற. போகல. அவகிட்ட என்னா சொன்னேன்னு சொல்லிர்றேன். "என் ரத்தம் கெட்டதாச்சே, ஒனக்கு எதுக்கு?" ன்னேன். அம்மா மட்டும் கூட்டிட்டுப் போனாங்க. நான் கவ்வாத்து மலையில நின்னு வெட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவ கத்தி வழுக்கி பூட்ஸுல பட்டுச்சு. அன்னைக்கு அவளுக்கு ரத்தம் கெடைக்காம திரும்பி வந்துருந்தா நான் என்னா ஆயிருப்பேன்னு இன்னைக்கும் தெரியல.

கெடச்சுருச்சு. ராவு ஏழு மணிக்கு வந்து எறங்குனா, கன்னம் சிவந்து. என்னையப் பாத்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி சொன்னா, "யாரு ரத்தமோ ஏறுச்சு அண்ணே. சிங்களப் பாட்டு வருதான்னு பஸ்ஸுல வழியெல்லாம் பாடிப் பாத்தேன். வரல. நீயே வா அடுத்த தடவ."

நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். இருவது நாளு அவகிட்ட பேசல.

ஆனா அவ இதப் பத்திப் பேசுறத நிப்பாட்டல, எங்கிட்ட இல்ல, மாமா மககிட்ட. பாப்பா பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் படிச்சவ, நல்லா எழுதுவா. கடுதாசி போட்டுருக்கா. அடுத்த தடவ நானும் ரத்தம் குடுக்கலாம்னு போனேன். மனசு கேக்கல. ஆஸ்பத்திரி பெஞ்சியில எனக்கு முன்னாடி மாமா மக குந்தி இருக்கா, தனியா. அவங்க அப்பாகிட்ட நுவரெலியா டவுனுக்குப் போறேன்னு சொல்லிட்டு, கண்டிக்கு பஸ் ஏறி வந்துட்டா. கையில பஞ்ச வச்சு அமுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தா.

"மச்சான், கறுப்பு இருக்கான்னு பாக்க நான் ரத்தம் குடுத்துட்டேன். நீங்க வேணும்னா குடுங்க, வேணாம்னா போங்க" ன்னா. என் மொகத்த நேராப் பாத்து அவ பேசுனது அதுதான் மொத தடவ.

பாப்பா கட்டில்ல படுத்துக்கிட்டு எங்க பக்கம் பாக்காத மாதிரி கூரையப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் டாக்டரம்மாகிட்ட கைய நீட்டுனேன்.

நாலு வாரம் கழிச்சு ரிப்போட்டு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பாதி, ஆளுக்கு ஒரு கறுப்பு வளையல்.

டாக்டரம்மா சொன்னதக் கேட்டு மாமா மக சேலத் தலப்ப விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. நான் விடல. "டாக்டரம்மா, கட்டிக்கிறோம். பிள்ள வயித்துல இருக்கயிலயே இருக்கா இல்லையான்னு பாக்க ஏலாதா?"

"பாக்கலாம்" னாங்க. "இங்க இல்ல. இங்கிலாந்துல பாக்குறாங்க. வயித்துல ஊசி போட்டு பிள்ளையோட ரத்தம் ஒரு சொட்டு எடுத்து பாப்பாங்க. இப்ப அதுக்கும் சின்ன வழி வந்திருக்கு, மூணாம் மாசமே பாக்க ஏலும். நாங்களும் ஒரு நாளைக்குப் பாப்போம். இன்னிக்கி இல்ல. இங்க அப்பிடிப் பாத்துத் தெரிஞ்சாலும் செய்றதுக்குச் சட்டம் விடாது."

"செய்றதுன்னா?" ன்னு பாப்பா கேட்டா. எல்லாரும் அவள மறந்துட்டோம். ரத்தம் சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டு இருந்துச்சு.

டாக்டரம்மா பொய் சொல்லல. "இந்த வியாதி இருந்தா, அம்மா அப்பா வேணாம்னு சொன்னா, பிள்ளைய எடுத்துருவாங்க."

"எங்கம்மா வயித்துல பாத்திருந்தா என்னைய எடுத்திருப்பாங்களா?"

எங்கம்மா கதவுப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஓடி வந்து அவ காலப் புடிச்சுக்கிட்டாங்க. "நான் மாட்டேன் சாமி. என்னைய வெட்டிப் போட்டாலும் மாட்டேன்."

பாப்பா அம்மாவ ஒரு பார்வ பாத்தா, பொறவு டாக்டரம்மாவப் பாத்தா. "நான் பொறந்ததுல எனக்கு வருத்தம் இல்ல டாக்டரம்மா. நல்லாத்தான் இருந்தேன். எல்லாரும் எனக்கு ரத்தம் குடுத்தாங்க, யாருக்குக் கெடைக்கும்? ஆனா எங்கண்ணன் பிள்ள கையில இத்தன ஊசி நான் பாக்க மாட்டேன். அதுக்கு வயித்துல பாக்குறதுக்கு முன்னாடி இப்பவே பாத்துட்டோமே, இது சுலுவுதானே. யாரையும் எடுக்க வேண்டியது இல்ல."

பதிமூணு வயசு அவளுக்கு. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. சிங்களத்துல நர்ஸம்மாகிட்ட என்னமோ சொன்னாங்க. அந்த நர்ஸம்மா பொறவு அம்மாகிட்ட சொன்னது, "இந்தப் பிள்ளைய எங்க வகுப்புக்குப் பாடம் எடுக்க விடணும்னு டாக்டரம்மா சொல்றாங்க" ன்னு. எனக்கு அன்னைக்கு அந்த வருத்தத்துக்குள்ளயும் பெருமையா இருந்துச்சு. இவ என் தங்கச்சின்னு வார்டுல எல்லாரையும் கூப்புட்டுச் சொல்லணும் போல இருந்துச்சு.

நாங்க கட்டிக்க வேணாம்னு முடிவு பண்ணோம். வெளிய வாங்குப் பலகையில குந்தி, ரெண்டு பேரும் பேசித்தான். "ஒங்களுக்கு வருத்தமா மச்சான்?" ன்னு கேட்டா. "ஆமா" ன்னேன். "எனக்கும்" னா. அம்புட்டுதான்.

மாமாகிட்ட யாரு சொல்றது? அம்மா பயந்தாங்க. கூடப் பொறந்தவரு மகள வேணாம்னு சொன்னா ஒறவே முறிஞ்சு போகும். பாப்பா நானும் வாரேன்னு நின்னா. ரத்தம் ஏத்தி ரெண்டு நாளு ஆன தெம்புல இருந்தா. கந்தப்பளைக்குப் போனோம், நான், அம்மா, அவ.

மாமா கேட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. "என் மகளுக்கு ரத்தத்துல கொறன்னு ஊரெல்லாம் சொன்னா, அவள எவன் கட்டுவான்? தங்கச்சி, ஒம் மகனுக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. நோயின்னு சொல்லாத."

அந்தப் பயத்துல நியாயம் இருந்துச்சு. மலையில ஒரு பொண்ணப் பத்தி ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, பெரட்டுக்களத்துல காலையில ஆளு கூப்புடுறதுக்கு முன்னாடியே அடுத்த தோட்டம் வரைக்கும் போயிரும்.

பாப்பா எந்திரிச்சுப் போயி அவரு முன்னாடி நின்னு ரெண்டு கையையும் நீட்டுனா. உள்ளங்கைக்குப் பின்னாடி, முழங்கை மடிப்புல, எல்லாம் ஊசி குத்துன கறுப்பு. "மாமா, மதினிக்கு நோய் இல்ல. நோய்னா இதுதான். மதினிகிட்ட பாதிதான் இருக்கு. அது ஒங்ககிட்டயும் இருக்கும், நீங்க தோட்டத்துத் தொரையோடயே சண்ட போடுற ஆளு, ஒங்களப் பாத்து யாரும் நோயாளின்னு சொல்லுவாங்களா? இல்லாத ஒரு மாப்பிள்ளையப் பாத்துக் கட்டிக் குடுங்க. அதுக்குப் பிள்ளைங்க செவசெவன்னு பொறக்கும்."

"ஊருக்கு என்னா சொல்றது?"

அப்ப நான் சொன்னேன். அத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. "என் ரத்தத்துலதான் கொறன்னு சொல்லுங்க மாமா. பாப்பா அண்ணன், அதனால எனக்கு இருக்குன்னா எல்லாரும் நம்புவாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

மாமா மறுபடி குந்துனாரு. பொறவு, "சோறு சாப்டுட்டுப் போங்க" ன்னாரு. சோறு போட்டது மாமா மகதான். பாப்பாவுக்குச் சாயத்தண்ணி கேக்காமயே வந்துச்சு.

திரும்பி வரயில பஸ்ஸுல பாப்பா சொன்னா, "அண்ணே, ஒனக்கு நானே பொண்ணு பாக்குறேன். கொஞ்சம் மாறுகண்ணா இருந்தா பரவால்லையா? ஒன் மூஞ்சியப் பாக்காம இருக்கும்." நான் அவ தலையில கொட்டுனேன். வலிக்கல, ஆனா வலிச்ச மாதிரி பஸ்ஸுக்கே கேக்குற மாதிரிக் கத்துனா. கண்டக்டரு என்னையத் திட்டுனாரு.

எங்க லயத்துல என் பேரு கெட்டுச்சு. தண்ணி எடுக்குற எடத்துல பொம்பளைங்க, "பாவம், அவன் ரத்தம் சரியில்லையாம்" ன்னு பேசுனது காதுல விழுகும். கவ்வாத்து அண்ணே ஒருத்தரு, "நீ குடுத்த ரத்தத்த எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் திருப்பித் தரப் போறானாம், வாளி எடுத்துட்டு வரச் சொன்னான்" னு கேலி பண்ணாரு. மொதல்ல எரிஞ்சுச்சு. பாப்பாதான் ஒவ்வொரு வீடாப் போனா. போயி வளையலக் கழட்டி வச்சு வெளக்கிச் சொன்னா. ரெண்டு வருசத்துல எங்க லயத்துல மூணு கல்யாணம், மூணுக்கும் அவளே டாக்டரம்மாவுக்கு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பி வச்சா. பொருத்தம் பாக்கயில பூசாரியே கேக்க ஆரம்பிச்சுட்டாரு, "பாப்பாகிட்ட கேட்டுட்டீங்களா?" ன்னு. மூணுல எங்கயும் ரெண்டு பக்கமும் பாதி இல்ல. ஒவ்வொரு தடவையும் நல்ல சேதி வந்தப்ப அவதான் கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிச்சா.

அவ பெரியவளே ஆகல. அந்த வியாதியில அப்பிடித்தான். அவளோட படிச்ச பிள்ளைங்களுக்கு எல்லாம் சடங்கு சுத்தயில இவதான் முன்னாடி நின்னு மஞ்சத்தண்ணி ஊத்துவா. ஒரு அக்கா வாய் தவறி, "ஒனக்கு எப்பம்மா?" ன்னு கேட்டுட்டாங்க. "எனக்கு மாசா மாசம் ரத்தம் உள்ள போகுதுக்கா, வெளிய போனா கட்டுப்படியாகுமா" ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் தெரியும், அன்னைக்கு அவ சோறு சாப்புடல.

மாமா மகளுக்கு மஸ்கெலியாவுல மாப்பிள்ள அமைஞ்சுச்சு. அவரு டவுன்ல கடையில வேல. மாமாவே நேராப் போயி, "ரத்தம் பாக்கணும், சம்மதமா?" ன்னு கேட்டுருக்காரு. அவரு மறு பேச்சு இல்லாம போயி குடுத்துருக்காரு. அவருகிட்ட ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு நானும் போனேன், பந்தியில சோறு பரிமாறுனேன். கஷ்டமா இல்லன்னு சொன்னா பொய்யி.

போன வருசம் அவளுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. நாப்பது நாளு கழிச்சு, மொத வேலையா பிள்ளையத் தூக்கிக்கிட்டு மஸ்கெலியாவுல இருந்து எங்க லயத்துக்கு வந்தா. பாப்பாவுக்கு அப்பவே இரும்பு அடஞ்சு நெஞ்சு பலவீனமாகி, காலெல்லாம் நீரு வச்சு, சுவத்துல சாஞ்சுதான் குந்தி இருப்பா. பிள்ளைய மடியில வாங்குனா. டாக்டரம்மா பாக்குற மாதிரியே பிள்ளையோட கீழ் எமைய பெருவெரலால மெதுவா எறக்கிப் பாத்தா. ரெண்டு கண்ணையும். பொறவு நகத்த. பொறவு உள்ளங்காலு.

"செவப்பு" ன்னா. "நல்ல செவப்பு மதினி."

மாமா மக அழுதா. பாப்பா அழுகல. பிள்ளைய என் கையில குடுத்து, "நீ தூக்கு அண்ணே. நீ விட்டுக் குடுத்ததுல வந்த பிள்ளதானே" ன்னா. எனக்கு யாரும் அப்பிடி ஒரு வார்த்த சொன்னதில்ல. தொரை சொல்லல, கண்டாக்கு சொல்லல, பெத்தவங்க சொல்லல.

மாசியில ஒரு காலையில, அம்மா பெரட்டுக்குப் போற நேரம், மூச்சு வாங்குதுன்னு சொன்னா. லொறி கேக்க அப்பா ஓடுனாரு. நான் அவளத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். லொறி வந்து சேரல, அதுக்குள்ள போயிட்டா. அன்னைக்கு மலையில கொழுந்து எடுக்கல. தொரை வேலைய நிப்பாட்டச் சொல்லல, எங்க ஆளுங்களே கூடையக் கீழ வச்சுட்டு வந்துட்டாங்க. ரத்தம் குடுத்த அண்ணமாரு ஆறு பேரும் பாடையத் தூக்குனாங்க. மாமா வந்தாரு, மாப்பிள்ள வந்தாரு. டாக்டரம்மாவுக்குத் தந்தி போட்டோம், அவங்களுக்கு வர முடியல. ஆனா கடுதாசி வந்துச்சு, தமிழ்ல, அவங்க கையாலயே. எழுத்து எல்லாம் கோணல் மாணலா இருந்துச்சு. இன்னும் சில வருசத்துல வயித்துலயே பாக்குற வசதி இங்கயும் வரும், அதுக்கு முன்னாடியே ஒரு லயம் பூரா ரத்தம் பாக்க வந்தது ஒங்க பிள்ளையாலதான்னு எழுதி இருந்தாங்க. அம்மா அத சாமிப் படத்துக்குப் பின்னாடி வச்சிருக்காங்க.

இப்ப எனக்குப் பொண்ணு பேசி இருக்காங்க, கொத்மலைப் பக்கம். சொந்தம் இல்ல. அந்தப் பொண்ணு போன வாரம் கண்டிக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வந்துருக்கு. கேக்கறதுக்கு முன்னாடியே, அதுவா. ரிப்போட்டு வர இன்னும் நாளு இருக்கு. இதுவும் பாதின்னு வந்தா இதையும் விட்டுருவேன், அதுல எனக்கு இனி சண்ட இல்ல. நல்லபடியா வந்தா, போயி யாருகிட்ட மொதல்ல சொல்றதுன்னுதான் தெரியல. நல்ல சேதியக் கேட்டு மொதல்ல சிரிக்கிற வேலைய எப்பவும் அவதான் செஞ்சா.

இதப் படிக்கிறவங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு கேக்குறேன். நீங்க எந்தச் சாமியக் கும்புடுறீங்களோ, கோயில்லயோ, சர்ச்சுலயோ, பள்ளியிலயோ, பன்சலையிலயோ, எங்க பாப்பாவுக்காக ஒரு நிமிசம் நில்லுங்க. அவ எங்க இருந்தாலும் ஊசி குத்தாம, மூச்சு வாங்காம, நிம்மதியாத் தூங்கணும்னு வேண்டிக்கங்க.